லோடு வண்டிக்கு வீட்டிலேயே ‘கோல்டு ஏர் இன்டேக்’... உப்புக் காத்துல இது எடுபடுமா?

பானெட்டைத் திறக்கிறார். கறுப்பு ஏர் கிளீனர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். பிளம்பிங் கடையில் வாங்கிய பி.வி.சி பைப், ஒரு எல்போ, நுனியில் சிவப்பு கலர் கோன் ஃபில்டர். ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘உஷ்ஷ்’னு ஒரு சத்தம். 40 விநாடியில் ரீல்ஸ் முடிந்துவிடும். மைலேஜ் ஏறும், பிக்கப் ஏறும், செலவு ஆயிரம் ரூபாய்க்குள்ள என்பார்கள்.

அமெரிக்காவில் பெட்ரோல் பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்களிடம் ரொம்ப வருஷமாகவே ஹிட்டான ஐடியா இது. அதை அப்படியே தூக்கிவந்து, பெரிய முதலியார்சாவடியில் இருந்து மரக்காணம் வரை ஈ.சி.ஆரில் லோடு அடிக்கிற ஒரு டீசல் வண்டியில் மாட்டினால் என்ன ஆகும்? இந்த ரூட்டில் ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் ஆரோவில் மேட்டின் செம்மண் புழுதி. வடக்கே போகப் போக உப்பளம். மழை வந்தால் முழங்கால் தண்ணீர். வண்டிதான் சோறு போடுகிறது என்றால், மாட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம்.

இது என்னதான் செய்கிறது?

இன்ஜின் எரிப்பது டீசலை மட்டும் இல்லை, காற்றையும் சேர்த்துத்தான். ‘குட்டி யானை’ என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். டர்போ கிடையாது. அது 3,000 ஆர்.பி.எம்மில் ஓடினால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் ஆயிரம் லிட்டர் காற்றை இழுக்கும். அதாவது மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றை, நிமிஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சிக் காலி பண்ணுகிற மாதிரி.

காற்று சூடானால் விரியும். விரிந்தால் அதே ஆயிரம் லிட்டருக்குள் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். மனசில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: 3 டிகிரி சூடு குறைந்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் ஏறும். வெளியே 36 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் வித்தியாசம் 24. வெளிக்காற்றைக் கொடுத்தால் 8 சதவீதம் கூடுதல் காற்று. இதுதான் கோல்டு ஏர் இன்டேக்கின் மொத்த தத்துவம். பொய் இல்லை, அறிவியல்தான்.

ஆனால், அந்த 8 சதவீதம் காற்று அப்படியே 8 சதவீதம் பவர் ஆகிவிடாது. பெட்ரோல் இன்ஜினில் காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடும், பவர் ஏறும். டீசலில் பவரைத் தீர்மானிப்பது பம்ப் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்பதுதான். பம்ப் செட்டிங் மாறாமல் காற்று மட்டும் கூடினால், ஃபுல் லோடில் மேடு ஏறும்போது கறுப்புப் புகை குறையும், சைலன்சர் சூடு குறையும், இழுவை லேசாக நன்றாக இருக்கும். ஏற்கெனவே காற்றுக்குத் திணறிக்கொண்டிருந்த வண்டி என்றால் மைலேஜும் கொஞ்சம் தேறலாம். ராக்கெட் எல்லாம் ஆகாது.

டர்போவும் இன்டர்கூலரும் இருக்கிற வண்டியில் லாபம் இன்னும் சுருங்கிவிடும். டர்போ காற்றை அழுத்தும்போதே அது 100 டிகிரிக்கு மேல் போய்விடும். அதைக் குளிரவைக்கத்தான் முன்னால் ரேடியேட்டர் மாதிரி இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நீங்கள் மிச்சம் பிடித்த 15 டிகிரியில் பெரும்பகுதியை அந்த இன்டர்கூலர் எப்படியும் இறக்கியிருக்கும். டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் இன்டர்கூலர் ஃபின்களில் அடைத்திருக்கும் பூச்சியையும் செம்மண்ணையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே இதைவிட அதிக பலன் கிடைக்கும்.

இன்னொரு நம்பிக்கை, பைப் வாயை முன்பக்கம் திருப்பி வைத்தால் போகிற வேகத்தில் காற்று தானாக உள்ளே அழுத்தும், டர்போ மாதிரி வேலை செய்யும் என்பது. 80 கி.மீ வேகத்தில் அப்படிக் கிடைக்கும் அழுத்தம், காற்று மண்டல அழுத்தத்தில் 0.3 சதவீதம்கூட இல்லை. அதற்குப் பதிலாக மழை, புழுதி, தும்பி எல்லாம் நேராக உள்ளே வரும்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கலாம்!

பெரிய லாரிகளை நின்று பாருங்க. கேபினுக்குப் பின்னால், ஓரமாக, கூரை உயரத்துக்கு ஒரு கறுப்புக் குழாய் எழுந்து நிற்கும். மேலே ஜன்னல் மாதிரி கீற்றுகள். அதுதான் கோல்டு ஏர் இன்டேக். உயரத்தில் புழுதி குறைவு, இன்ஜின் சூடு எட்டாது, தண்ணீரும் எட்டாது. ஆஸ்திரேலியாவில் ஜீப்களின் கண்ணாடி ஓரமாகத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் போகுமே, அதுவும் இதே ஐடியாதான். ஆற்றில் இறங்குவதற்கு மட்டும் என்று நாம் நினைப்போம். பாலைவனப் புழுதியில் இருந்து தப்பிக்கவும் அது உதவுகிறது.

அதனால் பைப் வாங்குவதற்கு முன் தெர்மாமீட்டர் வாங்குங்க. ஒயர் நுனியில் சென்ஸார் இருக்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சென்ஸாரை ஏர் கிளீனர் பெட்டி காற்றை இழுக்கும் வாயில் டேப் போட்டு ஒட்டுங்க. ஒயரை கேபினுக்குள் கொண்டுவந்து, லோடு ஏற்றி, அரை மணி நேரம் ஓட்டி, இன்னொருவரை ரீடிங் பார்க்கச் சொல்லுங்க. நிற்கும்போது பார்த்தால் எல்லா வண்டியும் சூடாகத்தான் காட்டும், அது கணக்கில் வராது. ஓடும்போது வெளி வெப்பநிலையைவிட 7, 8 டிகிரிக்குள்தான் அதிகம் என்றால், இந்தக் கட்டுரையில் உப்பு பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 20 டிகிரிக்கு மேல் காட்டினால், வேலை இருக்கிறது. பழைய வண்டிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமான விஷயமாக இருக்கும். கம்பெனி கொடுத்த ரப்பர் குழாய் கிழிந்தோ, மாட்டாமல் விட்டோ, பெட்டி இன்ஜின் சூட்டையே குடித்துக்கொண்டிருக்கும். ஒரிஜினல் குழாயை வாங்கி மாட்டினால் கதை முடிந்தது.

வில்லன் உப்புதான்

கடலோரக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் மிதக்கும். அலை உடையும்போது தெறிக்கும் துளிகள் காய்ந்து உண்டாகுபவை. மரக்காணம் பக்கம் உப்பளங்களில் வாரிக் குவிக்கும் சீஸனில், லோடு ஏற்றும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு உப்புத் தூளும் சேர்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி நசநசன்னு ஆவது இதனால்தான்.

இதே கூத்துதான் உங்கள் ஏர் ஃபில்டரிலும் நடக்கிறது. ராத்திரி ஈரப்பதம் ஏறும்போது பேப்பர் ஃபில்டரில் ஒட்டிய உப்பு கரையும். மதியம் காயும். மறுநாள் மறுபடி கரையும். பேப்பர் ஊறி, விறைத்து, அடைத்துக்கொள்ளும். இதைவிட மோசம், கரைந்த உப்புத் தண்ணீர் பேப்பரைத் தாண்டி மறுபக்கம் கசிவது. தூசு தாண்டாது, உப்புக் கரைசல் தாண்டும். கடலோரத்தில் கேஸ் டர்பைன் வைத்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களும் கப்பல்களும் இந்தப் பிரச்னைக்காகவே ஃபில்டருக்கு முன்னால் ஈரத்தைப் பிரிக்கும் தடுப்புகளை வைக்கின்றன. காற்றைத் திடீரென்று வளைத்துத் திருப்பினால், கனமான துளிகள் திரும்ப முடியாமல் சுவரில் மோதி வழிந்துவிடும். அவ்வளவுதான் டெக்னிக். நம் வீட்டுப் பைப்பிலும் இதைச் செய்யலாம், கீழே வருகிறேன்.

ஈரப்பதம் இன்னொரு விதத்திலும் பவரைத் தின்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றில் 3 முதல் 4 சதவீத இடத்தை நீராவியே பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஆக்ஸிஜன் இல்லை. இதற்கு எந்த பைப்பாலும் ஒன்றும் பண்ண முடியாது.

எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் குழாய் உங்கள் ராஜ்யம். ஃபில்டர், அதன் பெட்டி, அதற்குப் பின்னால் இன்ஜின் வரை போகும் குழாய் எல்லாம் கம்பெனி ராஜ்யம். அதில் கை வைக்காதீங்க. முன்பக்கம் ஓட்டை விழுந்தால் கொஞ்சம் சூடான காற்று போகும், நஷ்டம் சின்னது. பின்பக்கம் ஒரு கிளாம்ப் லூஸானால் செம்மண்ணும் உப்பும் ஃபில்டரைச் சந்திக்காமலே சிலிண்டருக்குள் போகும். மண் துகள் ஆயிலோடு சேர்ந்தால் அது தேய்க்கும் பேஸ்ட். ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்து, ஆயில் குடிக்க ஆரம்பித்து, கடைசியில் போர் வேலையில் கொண்டுபோய் நிறுத்தும். டர்போ இருந்தால் இன்னும் ஆபத்து. ஒரு லட்சம் ஆர்.பி.எம்-க்கு மேல் சுற்றும் சக்கரத்துக்குள் பி.வி.சி துண்டோ ஸ்க்ரூவோ போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரீல்ஸ் பார்ட்டி முதலில் கழற்றியதே அந்தப் பெட்டியைத்தான் என்பதைக் கவனிச்சீங்களா? பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர், முன்பைவிட சூடான காற்றைத்தான் இழுக்கும். பெட்டி அடக்கிவைத்திருந்த சத்தம் வெளியே வருவதால் பவர் ஏறியது போலத் தோன்றும். ஆயில் தடவிய காட்டன் ஃபில்டர் என்றால், புது வண்டிகளில் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்ஸாரில் ஆயில் படிந்து தப்பு ரீடிங் காட்டும், செக் இன்ஜின் லைட் எரியும். புழுதி ஊருக்குச் சாதாரண பேப்பர் ஃபில்டரே பெஸ்ட்.

சரி, எப்படிச் செய்வது?

டர்போ இல்லாத, சென்ஸார் தொல்லை இல்லாத பழைய டீசல் வண்டி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை வெப்பத் தடுப்பு. ஏர் கிளீனர் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு சுவர். ஜி.ஐ தகடு வளைப்பது ஈஸி, ஆனால் வெட்டிய ஓரத்தில் இருந்து துரு ஆரம்பிக்கும். 1 மி.மீ அலுமினியத் தகடு தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு, நடுவில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் வைங்க. உப்புக் காற்றில் இரண்டு உலோகங்கள் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் பொரிந்துபோகும். தகட்டின் மேல் ஓரத்தில் ரப்பர் பீடிங் மாட்டினால், மேல் மூடியோடு ஒட்டி உட்காரும், ஆடிச் சத்தம் போடாது. பல வண்டிகளில் இந்த ஒரு தகடே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது குழாய். பி.வி.சி பைப் 60 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், 80 டிகிரியை நெருங்கினால் குழைந்துவிடும். சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்தில் அது ஆபத்து. சூடு படாத இடத்தில் மட்டும் போகிறது என்றால் ஓகே. வளைகிற இடத்துக்கு ஈ.பி.டி.எம் ரப்பர் அல்லது சிலிக்கான் ஹோஸ் வாங்குங்க, விலை அதிகமானாலும் வேலை நடக்கும்.

இந்தக் கடற்கரையில் இன்னொரு வழியும் இருக்கிறது. அதை ஏன் யாரும் வீடியோவாகப் போடவில்லை என்று ஆச்சர்யமாக இருக்கிறது. ஃபைபர் படகு! 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்கக் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. அதற்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர்கள் மீனவக் கிராமங்களில் இருக்கிறார்கள். அதே மேட், அதே ரெசின்தான். அட்டைக் குழாயை அச்சாக வைத்து, மேலே பாலித்தீன் சுற்றி, இரண்டு மூன்று லேயர் போட்டால், உங்கள் வண்டியின் இடுக்குக்கு ஏற்ற வளைவில் துருவே பிடிக்காத குழாய் ரெடி. இரண்டு கண்டிஷன். உள்பக்கம் கண்ணாடி நார் பிசிறு இல்லாமல் வழுவழுன்னு முடித்திருக்கணும். ரெசின் வாசனை முழுசாகப் போய் நன்றாக இறுகிய பிறகுதான் மாட்டணும். சைலன்சரை ஒட்டிப் போகும் இடத்தில் இதுவும் வேண்டாம்.

குழாயின் அகலம் ஏர் கிளீனர் பெட்டியின் வாயைவிட ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வாய், முன்கண்ணாடி உயரத்தில், பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கட்டும், மேலே ஒரு மழைத் தொப்பியோடு. கடலுக்கு எதிர்ப்பக்கமாக வைக்கலாமே என்று தோன்றும். சென்னை போகும்போது வலதுபக்கம் இருக்கும் கடல், திரும்பி வரும்போது இடதுபக்கம் வந்துவிடுமே! வாயில் இலை, காகிதம் தடுக்கிற அளவுக்குப் பெரிய கண் உள்ள வலை போதும். கொசுவலை மாதிரி பொடிசாகப் போட்டால் உப்பு படிந்து மூடிவிடும்.

மேலிருந்து வரும் குழாய் ஃபில்டர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன், ‘யூ’ மாதிரி கீழே இறங்கி மேலே ஏறட்டும். நான் சொன்ன ஈரப் பிரிப்பான் இதுதான். துளிகள் பள்ளத்தில் தங்கும். பள்ளத்தின் அடியில் ஒரு ஓட்டை, அதில் வாத்து அலகு மாதிரி இருக்கும் ரப்பர் வால்வு. லாரி ஏர் கிளீனரின் அடியில் தொங்குமே, டிரைவர்கள் பிதுக்கித் தூசைக் கொட்டுவார்களே, அதே சாமான். உறிஞ்சும்போது மூடிக்கொள்ளும், நின்றதும் திறந்து தண்ணீரை விட்டுவிடும். பள்ளம் முக்கால் அடி ஆழம் போதும். ஆனால், அந்த வால்வு ரோட்டுத் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கணும்.

மாட்டியாச்சா? இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறதா என்று பார்க்கணும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டிரான்ஸ்பரன்ட் டியூப் இரண்டு மீட்டர் எடுத்து, ‘யூ’ வடிவில் பலகையில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்க. ஒரு முனையை, ஃபில்டர் பெட்டிக்குச் சற்று முன்னால் உங்கள் குழாயில் போட்ட சின்ன துளையில் செருகுங்க. வண்டியை நிறுத்தியபடி ஆர்.பி.எம்மை ஏற்றினால் இரு பக்கத் தண்ணீருக்கும் இடையே உயர வித்தியாசம் தெரியும். அது 50 மி.மீ-க்கு மேல் போனால் குழாய் சின்னது அல்லது வளைவு அதிகம், மாற்றிச் செய்யுங்க. டீசல் இன்ஜின் தயாரிப்பாளர்கள் அழுக்கு ஃபில்டரையும் சேர்த்து மொத்த சிஸ்டத்துக்கும் அனுமதிப்பது பொதுவாக 500 முதல் 635 மி.மீ வரைதான். உங்கள் குழாயே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடக் கூடாது. பார்த்து முடித்ததும் துளையை அடைக்க மறக்காதீங்க.

மழை நாளில் என்ன ஆகும்?

காற்று கீழேதான் குளிர்ச்சி என்று பைப் வாயைப் பம்பருக்குப் பின்னால் இறக்கி வைப்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ-யை ஒட்டி மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் இந்தக் கரையைத்தான் தாக்கியது.

தண்ணீரை அழுத்த முடியாது. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் வெறும் 35, 40 மி.லி. டீக்கடை கிளாஸில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் மேலே ஏற முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இந்தச் சேதம் பெரும்பாலும் கவர் ஆகாது. தண்ணீருக்குள் வண்டி ஆஃப் ஆனால் திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க. தள்ளி வெளியே கொண்டுவந்து, இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்ற வேண்டும்.

ஆர்.டி.ஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டிகளில் காற்று அளவும் புகைக் கட்டுப்பாடும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், அவற்றில் இன்டேக் பக்கமே போகாதீங்க. வாரன்ட்டியும் போகும். பழைய வண்டியிலும் பெட்டியைத் தொடாமல், போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடுகிற மாதிரி மட்டும் செய்யுங்க, செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க.

கழற்றிய ஒரிஜினல் குழாயைப் பழைய இரும்புக்குப் போடாமல் வண்டியிலேயே வைத்திருங்க. உப்பு ஏற்றிப்போன உமணர்கள் வண்டிக்கு அடியில் ‘சேம அச்சு’, அதாவது ஸ்பேர் ஆக்ஸில் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறே சொல்கிறது. உப்பு ரூட்டில் ஸ்பேர் வைத்துக்கொள்ளும் பழக்கம் இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்.

மாட்டிய பிறகு

வாரம் ஒருமுறை ரப்பர் வால்வைப் பிதுக்குங்க. ஈரமாகச் செம்மண் குழம்பு வந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். எதுவுமே வரவில்லை என்றால் அடைத்திருக்கிறதா என்று பாருங்க. பேப்பர் ஃபில்டரைக் கம்ப்ரஷரில் ஏர் அடிக்கும்போது உள்பக்கத்தில் இருந்து வெளியே, குறைந்த பிரஷரில், கொஞ்சம் தள்ளிப் பிடித்து அடிக்கணும். வெள்ளையாக உப்பு பூத்துப் பேப்பர் விறைத்திருந்தால் ஏர் அடித்துப் பிரயோஜனம் இல்லை, புதுசு மாற்றிவிடுங்க. ஃபில்டரைக் கழற்றும்போதெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. விரலில் சிவப்பாக ஒட்டினால், வண்டியை அன்றைக்கு லோடுக்கு அனுப்பாதீங்க. முதலில் பெட்டியின் ரப்பர் சீலையும் அதற்குப் பின்னால் இருக்கும் கிளாம்ப்களையும் பார்க்கணும்.